வடசென்னையில் இரவுச் சத்தமும் தூக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, வியாசர்பாடியிலிருந்து மணலி வரை, வீடு பார்க்கப் போகும் இடமெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தண்டையார்பேட்டைப் பக்கம் அலுமினியம், யுபிவிசி ஜன்னல் பொருத்துவது என் தொழில். ஆனால் சத்தம் தாங்காமல் என்னைக் கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் புது ஜன்னலே தேவைப்படாது. அதனால் காசு செலவில்லாத வழிகளையும் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை வருடமாக நெடுஞ்சாலை ஓரத்தில்தான் குடியிருக்கிறோம். லாரிச் சத்தம் பழகிவிட்டது. இனி எதற்காகத் தடுக்க வேண்டும்?

பழகுவது பாதிதான். நாம் தூங்கும்போதும் காது வேலை செய்துகொண்டே இருக்கிறது. மூளை அந்தச் சத்தத்தைச் சலித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் அடுத்த அறையில் யாரோ நம் பெயரைச் சொன்னால் விழிப்பு வருகிறது. லாரி ஒன்று ஏர் ஹாரன் அடித்துவிட்டுப் போகும்போது நீங்கள் எழுந்து உட்காராமல் இருக்கலாம். ஆனால் ஆழ்ந்த தூக்கம் ஒரு படி மேலே ஏறி லேசாகும். நாடித்துடிப்பு சில நொடிகளுக்குக் கூடும். காலையில் இது எதுவும் நினைவில் இருக்காது. உடம்பு கனமாக இருக்கும், பிள்ளைகள் மீது எரிச்சல் வரும், காரணம் தெரியாது. வருடக்கணக்கில் இரவுப் போக்குவரத்துச் சத்தத்தில் தூங்குகிறவர்களுக்கு உயர் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன.

படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலுக்குள்ளும் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு), இடையில் திடீரென எழும் சத்தம் 45 டெசிபலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்தது. நம் நாட்டுச் சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே இருக்கலாம் என்கிற அளவே 45 டெசிபல்தான். வாழ வந்த மருமகளிடமும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடமும் "போகப் போகப் பழகிவிடும்" என்று சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள். அவர்கள் கேட்பது சொகுசு இல்லை.

எங்கள் வீடு துறைமுகத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறது. பகலில் ஒன்றும் கேட்பதில்லை. இரவில் மட்டும் கப்பல் சங்கும் இரும்பு மோதும் சத்தமும் பக்கத்தில் கேட்பதுபோல் இருக்கிறது. பிரமையா?

பிரமை இல்லை. பகலில் உங்கள் தெருவின் சந்தடியே அதை மூடிவிடுகிறது. இரவில் அந்தப் போர்வை விலகிவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு: இரவில் தரையை ஒட்டிய காற்று சீக்கிரம் குளிர்ந்து, அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருந்தால், மேல்நோக்கிப் போக வேண்டிய ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே வரும். தொலைவில் இருக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும். சரக்கு ரயில் கொருக்குப்பேட்டையில் ஊதினால் கால் மைலுக்கு அப்பால் தலைமாட்டில் ஊதியதுபோல் இருப்பது இதனால்தான்.

போதாததற்கு, நகரின் பல சாலைகளில் கனரக வாகனங்களுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு இருப்பதால், கன்டெய்னர் ட்ரெய்லர்கள் இரவில்தான் அதிகம் நகர்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாயிலை நோக்கி வரிசை நிற்கும்போது, ஒவ்வொரு வண்டியும் பிரேக் விடும் 'புஸ்' சத்தம், கிளம்பும்போது எஞ்சின் உறுமல், பின்னால் பூட்டிய பெட்டி குலுங்கும் சத்தம் என்று விடியும்வரை ஓயாது.

கடல் அலை விடிய விடிய அடிக்கிறது, அதில் தூங்க முடிகிறது. ஒரு ஹாரன் சத்தத்தில் ஏன் தூக்கம் போகிறது?

மொத்தச் சத்தம் எவ்வளவு என்பதைவிட, இருந்த அமைதியிலிருந்து அது எவ்வளவு உயரத்துக்குத் திடீரென்று தாவுகிறது என்பதுதான் எழுப்புகிறது. 40 டெசிபல் சீராக ஓடும் அறையில் 50 டெசிபலில் ஒரு சத்தம் வந்தால் பலருக்கு விழிப்பு வராது. 25 டெசிபல் அமைதியில் அதே 50 வந்தால் தூக்கிவாரிப் போடும். காதுக்கு 10 டெசிபல் கூடினால் சத்தம் ஏறக்குறைய இரட்டிப்பானதுபோல் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதைப் புரிந்துகொண்டால் வழியும் புரியும். வெளியே எழும் உச்சத்தைக் குறைக்க வேண்டும், அல்லது உள்ளே இருக்கும் அடித்தளத்தைச் சற்று உயர்த்த வேண்டும். முடிந்தால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்ய வேண்டும். சத்தத்தை முற்றாக ஒழிக்கப் புறப்பட்டவர்கள் பணத்தையும் தொலைத்து நிம்மதியையும் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, முதலில் எதைச் செய்ய வேண்டும்?

ஓர் ஊதுபத்தியை ஏற்றுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலையும் கதவையும் மூடிவிட்டு, எரியும் பத்தியை ஜன்னல் சட்டத்தின் விளிம்பை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோங்கள். வெளியே காற்று இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது. புகை நேராக மேலே போகிற இடத்தில் பிரச்சினை இல்லை. எங்கே புகை சட்டென்று உள்ளே வளைகிறதோ, அல்லது வெளியே இழுக்கப்படுகிறதோ, அங்கே இடுக்கு இருக்கிறது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். காற்று நுழையும் இடமெல்லாம் சத்தம் நுழையும் இடம்.

இடுக்கைச் சிறியது என்று நினைக்காதீர்கள். பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். அதே சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. சுவரின் கனமெல்லாம் வீண்.

நம் பக்கத்து வீடுகளில் கோடு விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கதவின் அடிப்பகுதி. மரச் சட்டம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கியதால் கதவுக்கும் நிலைக்கும் இடையே விழுந்த சந்து. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிமெண்ட் உதிர்ந்துபோன இடம். ஏசி குழாயும் கேபிள் ஒயரும் நுழையும் துளை. பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர். கடற்கரை ஓர வீடுகளில் உப்புக்காற்று கீலைத் தின்றுவிட்டு, கதவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே முதலில் கீலை மாற்றுங்கள்.

சட்டத்தைச் சுற்றி ஒட்ட ரப்பர் பட்டை, கதவு அடியில் போட டோர் சீல், துளைகளுக்கு சிலிக்கான், பெரிய பொத்தலுக்குச் சிமெண்ட் பூச்சு. பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் எல்லாமே கிடைக்கும். பட்டையை ஒட்டும் முன் சட்டத்தை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். உப்புத் தூசு மேல் ஒட்டினால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

எல்லாவற்றையும் அடைத்தால் புழுக்கத்தில் எப்படித் தூங்குவது? எங்களிடம் ஏசி இல்லை.

இதுதான் நம் ஊரின் உண்மையான சிக்கல். குளிர் நாட்டுக்காரர்களுக்குச் சொல்லும் ஆலோசனையை அப்படியே இங்கே சொல்வது அநியாயம். மே மாதத்தில் மூடிய அறையில் வெந்துகொண்டு படுப்பதற்குச் சத்தமே மேல்.

வீட்டின் எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்று பாருங்கள். அநேகமாக ஒரு பக்கம்தான் சாலை அல்லது தண்டவாளம் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் இறுக்கமாக மூடிவிட்டு, பின்கட்டு ஜன்னலையோ கிணற்றடிப் பக்கக் கதவையோ கம்பிவலையோடு திறந்துவிடுங்கள். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் மெதுவாக ஓடவிட்டால் பின்பக்கத்திலிருந்து காற்று இழுக்கும். சுற்றிவந்து நுழையும் சத்தம் நேராக நுழைவதைவிட நன்றாகக் குறைந்திருக்கும். திறந்த ஜன்னல்கூட வெளிச் சத்தத்தில் 10 முதல் 15 டெசிபல் வரை குறைத்துத்தான் உள்ளே விடும்.

படுக்கையறையை மாற்ற முடிந்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. சாலைப் பக்க அறையில் பீரோவும் பூஜை சாமான்களும் இருக்கட்டும். ஆட்கள் பின்னறையில் படுக்கட்டும். சாலைப் பக்கச் சுவரை ஒட்டிப் பெரிய இரும்பு பீரோவை வைத்தால் கொஞ்சம் தடுக்கும், ஆனால் அதற்காகவே பீரோ வாங்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜன்னலை அடைத்த அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தாதீர்கள். வலை கட்டுங்கள். ஒரே அறையில் சமைத்து அங்கேயே படுக்கும் வீடாக இருந்தால், அடுப்புக்கு மேலே உள்ள வென்டிலேட்டரை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள்.

முட்டை அட்டை, தெர்மோகோல் ஒட்டினால் சத்தம் வராதாமே?

வரும். ஃபோமும் முட்டை அட்டையும் அறைக்குள் எழும் எதிரொலியை ஓரளவு குறைக்கலாம். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. சத்தத்தைத் தடுப்பது எடை. ஒரு தடுப்பின் எடை இரட்டிப்பானால் சுமார் 5, 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். தெர்மோகோலுக்கு எடையே இல்லை. தீப்பிடித்தால் நச்சுப் புகை வேறு. வேண்டாம்.

கனமான திரைச்சீலை?

கீச்சென்ற சத்தங்களை லேசாக மழுப்பும். லாரி உறுமலை ஒன்றும் செய்யாது. விடிகாலை வெளிச்சத்தைத் தடுத்துத் தூக்கத்துக்கு உதவும் என்பதற்காகப் போடலாம்.

ஜன்னலையே மாற்றுவதாக இருந்தால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கடைக்காரர் முதலில் கண்ணாடி தடிமனைப் பற்றிப் பேசுவார். நீங்கள் முதலில் அது எப்படி மூடுகிறது என்று கேளுங்கள். தள்ளித் திறக்கும் ஸ்லைடிங் ஜன்னலில் இரண்டு பலகைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர வேண்டும். அதற்காகவே இடைவெளி விட்டிருப்பார்கள், நடுவில் பிரஷ் போன்ற நார்ப் பட்டைதான் இருக்கும். கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல் மூடும்போது ரப்பரை நாலு பக்கமும் அழுத்திப் பிடிக்கும். சத்தத்துக்காக மாற்றுகிறீர்கள் என்றால் கீல் வைத்ததையே கேளுங்கள். கைப்பிடியைத் திருப்பும்போது ஒரு முனையில் மட்டும் பூட்டாமல் மேலும் கீழும் சேர்ந்து பூட்டுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து கண்ணாடி. லேமினேட்டட் கண்ணாடி என்று ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அதே தடிமனுள்ள ஒற்றைக் கண்ணாடியைவிட இது நன்றாகத் தடுக்கும், ஏனென்றால் அந்தப் படலம் கண்ணாடியின் அதிர்வை உறிஞ்சிவிடுகிறது. உடைந்தாலும் சிதறாது. இரட்டைக் கண்ணாடி என்று விற்பதில் இடைவெளி ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால், அது வெப்பத்துக்குத்தான் அதிகம் உதவும். தாழ்ந்த குரலில் உறுமும் லாரிக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இருக்கிற ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, சுவரின் உட்பக்க விளிம்பில் இன்னொரு ஜன்னல் பொருத்துவதுதான் நான் பல வீடுகளுக்குச் சொல்வது. நம் பழைய சுவர்கள் தடிமனானவை, இரண்டுக்கும் நடுவே ஒரு சாணாவது இடம் கிடைக்கும். அந்தக் காற்று இடைவெளிதான் வேலை செய்கிறது. பகலில் உள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்து காசு கொடுக்கும் முன், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே என்ன வைத்து அடைத்தார்கள் என்று கேளுங்கள். மேலாக ஒரு சிலிக்கான் கோடு இழுத்துவிட்டு, உள்ளே வெறும் வெற்றிடம் விட்டுப் போகிறவர்கள் உண்டு. விரலால் தட்டிப் பார்த்தாலே தெரியும். மறுபடியும் அந்த ஊதுபத்தியை ஏற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் ஆணிகூட அடிக்க விடுவதில்லை.

ஜன்னல் குழிக்குள் இறுக்கமாக உட்காரும்படி ஒரு பலகை செய்துகொள்ளலாம். முக்கால் அங்குல பிளைவுட், சுற்றிலும் ரப்பர் பட்டை, பிடித்து எடுக்க இரண்டு கைப்பிடி. இரவு படுக்கும்போது சாலைப் பக்க ஜன்னலில் செருகிவிட்டு, காலையில் எடுத்துக் கட்டிலுக்குப் பின்னால் வைத்துவிடலாம். அளவு எடுக்கும்போது மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள்; நம் ஜன்னல் குழிகள் எதுவும் நேராக இருப்பதில்லை. வீடு மாறும்போது பலகையும் கூட வரும். ஆனால் அவசரத்துக்கு வெளியேறும் ஒரே வழி அந்த ஜன்னல்தான் என்றால் இதைச் செய்யாதீர்கள்.

ரயில் போனால் கட்டிலே அதிர்கிறது. அதற்கு என்ன வழி?

காற்றில் வரும் சத்தம் வேறு, தரை வழியாக வரும் அதிர்வு வேறு. இரண்டாவதை ஜன்னல் தடுக்காது. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்துங்கள். கால்களுக்கு அடியில் கனமான ரப்பர் துண்டு வையுங்கள். கட்டில் போல்ட்டுகளை முறுக்குங்கள், அலமாரியில் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்கும் பாத்திரங்களைப் பிரித்து வையுங்கள். அதிர்வைவிட அதில் எழும் கலகலப்புதான் பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதற்கு மேல் ஒரு குடித்தனக்காரர் செய்யக்கூடியது குறைவு. மாடியில் இருக்கும் தண்ணீர் மோட்டார் அதிர்வு என்றால் கதை வேறு: மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்து, குழாயைச் சுவரோடு இறுக்கிய கிளாம்பிலும் ரப்பர் சுற்றச் சொல்லுங்கள், உடனே பலன் தெரியும்.

ஃபேன் சத்தம் உதவுமா? போனில் மழைச் சத்தம் வைத்துத் தூங்குகிறான் என் மகன்.

உதவும். மேலே சொன்னேனே, அடித்தளத்தைச் சற்று உயர்த்துவது, அதுதான் இது. சீராக ஓடும் ஃபேன் இரைச்சல் ஹாரனின் தாவலைச் சிறிதாக்கிவிடுகிறது. டேபிள் ஃபேனைச் சத்தம் வரும் ஜன்னலுக்கும் தலைமாட்டுக்கும் நடுவே வையுங்கள், காற்றும் கிடைக்கும். ஆனால் 'டக் டக்' என்று தட்டும் ஃபேனோ கிறீச்சிடும் ஃபேனோ எதிர்ப் பலனைத் தரும். சீராக இருப்பதுதான் முக்கியம்.

போனில் மழை, அருவி, வெறும் இரைச்சல் எது வேண்டுமானாலும் வைக்கலாம். பாட்டும் பேச்சும் வேண்டாம், மூளை அதைப் பின்தொடரும். வெளிச் சத்தத்தை முழுவதும் மூழ்கடிக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டக் கூடாது. அது இன்னொரு சத்தத் தொல்லையாகிவிடும். பையனிடம் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டாம் என்று சொல்லுங்கள், போனை மேசைமேல் வைத்து ஓடவிடட்டும். தலையணைக்கு அடியில் சார்ஜ் ஏறும் போனும் வேண்டாம்.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா?

பஞ்சு மிகக் கொஞ்சம்தான் தடுக்கும். சிறு துணுக்கு உள்ளேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. மருந்துக்கடையில் ஃபோம் இயர்பிளக் கேளுங்கள். உறையில் 29, 33 என்று போட்டிருக்கும் டெசிபல் எண்கள் ஆய்வகத்தில் கிடைத்தவை. சரியாக வைக்காதவர்களுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது.

வைக்கும் முறை இது. கையைக் கழுவுங்கள். இயர்பிளக்கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, சுருக்கம் விழாமல், மெல்லிய குச்சியாகும்வரை உருட்டுங்கள். வலது காது என்றால், இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல் மடலைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்திருக்கும் துவாரம் நேராகும். அந்த நொடியில் உருட்டியதை உள்ளே செருகி, விரல் நுனியால் அரை நிமிடம் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபோம் உள்ளே மெல்ல விரிந்து சுவரைப் பிடிப்பது கேட்கும். வெளி உலகம் படிப்படியாகத் தள்ளிப் போகும். உங்கள் குரலே மண்டைக்குள் ஒலிப்பதுபோல் இருந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அவசரக்காரர்கள் உருட்டாமல் அப்படியே திணித்துவிட்டு "இது ஒன்றும் பிரயோசனமில்லை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

காலையில் எடுக்கும்போது பிடுங்காமல், மெதுவாகத் திருகி எடுங்கள். அழுக்கானதும், விரியாமல் போனதும் தூக்கிப்போட்டுப் புதிது மாற்றுங்கள். நம் ஊர் வியர்வைக்கு ஒரே ஜோடியை வாரக்கணக்கில் போட்டால் காதில் பூஞ்சை வரும். காதில் சீழ் வடிபவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காது குறும்பி அடைத்திருப்பவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் வைக்கக் கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.

எல்லோரும் காதை அடைத்துக்கொண்டால், ஆபத்து என்று யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டாமா?

கேட்க வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த மக்கள் எழுந்து வீட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது. தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழும் நாம் இதை மறக்க முடியாது. வீட்டில் ஒருவராவது காதை அடைக்காமல் படுங்கள். முறை வைத்து மாற்றிக்கொள்ளலாம். தனியாக இருப்பவர்கள் ஒரு காதில் மட்டும் வைத்து, அந்தக் காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்காமல், திறந்த காது மேலே இருக்கும்படி படுங்கள். புயல், வெள்ள எச்சரிக்கை உள்ள இரவுகளில் யாருமே வைக்க வேண்டாம். மற்ற நாட்களில் அலாரத்துக்கு, அதிரும் கைக்கடிகாரம் நல்ல துணை.

கைக்குழந்தை இருக்கிறது. இயர்பிளக் வைக்கலாமா?

கூடாது. தொண்டையில் சிக்கும். குழந்தையின் தொட்டிலைச் சாலைப் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். சீரான இரைச்சல் வைப்பதானால் கருவி குழந்தையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்கட்டும். தொட்டிலருகே 50 டெசிபலைத் தாண்டக் கூடாது. தூங்கியபின் நிறுத்திவிடலாம். போனில் உள்ள டெசிபல் ஆப் துல்லியமானது இல்லை என்றாலும், ஜன்னல் மூடும்முன், மூடியபின் என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு மெட்ரோ வாட்டர் வருகிறது. பக்கத்து வீட்டு அடிபம்புச் சத்தத்தில் தெருவே விழிக்கிறது.

தண்ணீர் வரும் நேரத்தில் அடித்துத்தான் ஆக வேண்டும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அலறல் தண்ணீருடையது இல்லை. காய்ந்துபோன கைப்பிடி ஆணியுடையது. கைப்பிடி சேரும் இடத்தில் இருக்கும் ஆணியைக் கழற்றித் துருவைத் தேய்த்து கிரீஸ் தடவினால் கிறீச்சொலி நின்றுவிடும். உள்ளே வாசர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அடிக்கும் தடவையும் பாதியாகும். "அக்கா, உங்கள் பம்புக்கு நான் கிரீஸ் போட்டுத் தருகிறேன்" என்று போய் நின்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிளாஸ்டிக் குடத்தைச் சிமெண்ட் தரையில் 'டொம்' என்று வைக்காமல் இருக்க ஒரு பழைய சாக்கைப் பம்படியில் மடித்துப் போடுங்கள். ஒரு தெருவுக்கே தூக்கம் தரும் வேலை இது. ஜன்னல் மாற்றும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

ஆடி மாதம் முழுக்க ஒலிபெருக்கி. சொன்னால் சாமி காரியம் என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியோ ஒலியெழுப்பும் கருவியோ பயன்படுத்தக் கூடாது. பண்டிகை, சமய நிகழ்ச்சிகளுக்காக மாநில அரசு இரவு 12 மணிவரை தளர்வு கொடுக்கலாம். அதுவும் வருடத்தில் மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல். கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் ஒரே விதிதான். 2010-இல் சேர்த்த திருத்தத்தின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிப்பது, சத்தமிடும் கட்டுமான இயந்திரங்களை ஓட்டுவது, வெடி வெடிப்பது எல்லாமே விதிமீறல்.

ஆனால் நடு இரவில் கூட்டத்தின் முன் போய் நின்று சட்டம் பேச வேண்டாம். கூழ் வார்க்கும் தேதி முன்கூட்டியே தெரியும். பந்தல்கால் நடும்போதே விழாக்குழுப் பெரியவர்களைப் பாருங்கள். "அண்ணா, எங்கள் வீட்டில் நெஞ்சு வலிக்காரர் இருக்கிறார், குழாய் ஒலிபெருக்கியை எங்கள் ஜன்னலுக்கு நேராகக் கட்டாமல் கோயிலைப் பார்த்துத் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். அம்மனை நம்புகிறவர்கள் நோயாளியைத் துன்புறுத்த விரும்ப மாட்டார்கள். அதற்கும் அசையாவிட்டால் 100 அல்லது 112-க்கு அழையுங்கள். தொடர்ந்து நடந்தால் தேதி, நேரம் குறித்து, நாலைந்து வீட்டார் கையெழுத்தோடு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆளாகக் கொடுத்துத் தெருப்பகை சம்பாதிக்க வேண்டாம்.

காசிமேட்டில் வீடு பார்க்கிறோம். சத்தம் எப்படி இருக்கும்?

ஒரே ஒரு நாள் பகலில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். அங்குள்ள மீன்பிடித் துறைமுகம் விழிப்பது நம் நடுச்சாமத்தில்தான். ஏலம், ஐஸ் உடைக்கும் இயந்திரம், மீன் வண்டிகள் என்று விடியுமுன்பே களை கட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கூட்டம் அலைமோதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது போய்ப் பார்த்தால் அமைதியான இடம் என்று ஏமாந்துவிடுவீர்கள். ஞாயிறு விடியலில் ஒருமுறை போய் அந்த வீட்டு வாசலில் நின்று பாருங்கள்.

இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறேன். எனக்கு என்ன வழி?

மணலி, எண்ணூர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு இதுவரை சொன்னது எல்லாம் இரட்டிப்பாகப் பொருந்தும். உங்களுக்குச் சட்டமும் துணை நிற்காது. பகலுக்கான வரம்பு 55 டெசிபல். இயர்பிளக், ஃபேன், இருட்டுத் திரை மூன்றும் சேர்ந்தே வேண்டும். வீட்டில் குக்கர் விசில், மிக்ஸி, டிவி மூன்றுக்கும் ஒரு நேர ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அழைப்பு மணிக்குச் சுவிட்சு வைத்து அணைத்துவிடுங்கள். கதவில் 'இரவுப் பணி, தூங்குகிறார்' என்று ஓர் அட்டை தொங்கவிட்டால் கூரியர் பையனும் தட்ட மாட்டான். நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்தால் தூக்கம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

வெளிச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. பக்கத்தில் படுக்கும் கணவரின் குறட்டைதான் இப்போது பிரச்சினை.

பலருக்கு ஒருக்களித்துப் படுத்தாலே குறையும். மூக்கடைப்பு, உடல் எடை, இரவு மது, இவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: குறட்டை ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்று, சில நொடிகள் மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறிக்கொண்டு பெரிதாக மூச்சு இழுக்கிறாரா? பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறாரா? அப்படியானால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாதிக்கக்கூடியது, சிகிச்சை உண்டு. நீங்கள் இயர்பிளக் வைத்துக்கொண்டு திரும்பிப் படுக்கும் முன், ஓர் இரவு அவர் குறட்டையைப் போனில் பதிவு செய்து மருத்துவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். லாரி ஓட்டுகிறவர், கிரேன் இயக்குகிறவர் என்றால் அந்த வாரமே போங்கள்.